படுக்கையறையும் தவணைக் கணக்கும்

ஒருவரின் குணத்தை அறிய அவரது படுக்கையறையைப் பார்த்தால் போதும் என்பார்கள். பிரான்ஸ் நாட்டுப் படப்பிடிப்பாளர் ஜோன் தக்ரே 55 நாடுகளில் சுமார் 1,200 இளைஞர், யுவதிகளின் அறைகளை முகட்டுப் பக்கமிருந்து கீழ்நோக்கிப் படமெடுத்தார். அமெரிக்காவில் பரிசோதித்தே பார்த்துவிட்டார்கள். உளவியலாளர் சாம் கொஸ்லிங்கும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 83 அறைகளில் இருந்த பெயர்களையும் புகைப்படங்களையும் மறைத்துவிட்டு, முன்பின் அறியாதவர்களை உள்ளே அனுப்பினார்கள். ஆள் ஒழுங்கானவரா, புதியவற்றில் நாட்டமுள்ளவரா என்பதை அவர்கள் ஓரளவு சரியாகவே சொன்னார்களாம்.

நம் வீடுகளில் இது நடக்காது. சூரத்துந் நூரின்படி வீட்டுச் சிறுபிள்ளைகளே மூன்று வேளைகளில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கமராக்காரருக்கு யார் கதவு திறப்பார்? ஆனால் கட்டில் பூட்ட வரும் தளபாட வியாபாரிக்கு அந்தக் கதவு திறக்கிறது. தவணைக்குக் கொடுப்பவர்கள் அறையைக் கண்ணால் அளந்து ஆளைத் தீர்மானிப்பதும் உண்டு. நானும் அப்படித்தான் செய்தேன்.

2013இல் கிளிநொச்சிப் பக்கம், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடொன்றுக்கு வவுனியாவிலிருந்து அலுமாரி ஏற்றிப் போனேன். அறையில் கட்டில் இல்லை. சுருட்டிய பாய், கொடியில் உடுப்பு, கதவடியில் கட்டி வைத்த ஒரு பை. இரவோடிரவாக ஓடுகிற ஆட்கள் போல என்று நினைத்து, அலுமாரியைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். அந்தப் பெண் விளங்கிக்கொண்டார். “நானா, ஓடுறதுக்கில்லை. பிள்ளையளின்ர பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் அதுக்குள்ள. 2009இல கையோட வந்தது அது ஒண்டுதான். உள்ள வச்சா எனக்கு நித்திரை வராது.”

வெட்கமாகப் போய்விட்டது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், எங்கள் உம்மாவும் உறுதியைத் தலையணை உறைக்குள் வைத்துத்தான் படுப்பார். அந்தக் கொட்டிலை ஒருவர் படமெடுத்திருந்தால் உம்மாவின் குணத்தைப் பற்றி என்ன எழுதியிருப்பார்?

ஜேம்ஸ் மொலிசன் என்பவர் பல நாட்டுப் பிள்ளைகள் உறங்கும் இடங்களைப் படமெடுத்து 2010இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளையை வெறும் திரைக்கு முன்னால் தனியாகவும், அறையைத் தனியாகவும் எடுத்திருக்கிறார். அதில் நேபாளத்தில் கல்லுடைக்கும் சிறுமியும் உண்டு, நியூயோர்க் பணக்காரப் பையனும் உண்டு. திரைக்கு முன்னால் இருவரும் பிள்ளைகள்தான்.

அலுமாரியை இறக்கிக் கொடுத்தேன். மாதாமாதம் கட்ட முடியாது, நெல் வெட்டித்தான் தருவேன் என்றார். காலபோகம் அறுவடையாகி மாசி, பங்குனியில்தான் வன்னியில் பலர் கையில் காசு புரளும் என்பது நமக்குத் தெரியாததா? அதற்கேற்பத் தவணையைப் பிரித்தேன், ஒன்றும் பிந்தவில்லை. கடைசித் தவணைக்குப் போனபோது அலுமாரி நிறைய உடுப்பு இருந்தது. பை கதவடியில்தான் இருந்தது.