பெண் குழந்தைக்குச் செல்லப் பெயர்

வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பெயர் சூட்டும் நாள் இன்னும் வரவில்லை. ஆனாலும் குழந்தையைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? பாட்டி ஒரு பெயர் சொல்லிக் கொஞ்சுகிறாள். அண்ணன் இன்னொரு பெயர் சொல்கிறான். பத்து நாளில் ஏதாவது ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. அதுதான் செல்லப் பெயர்.

நம் நாடு முழுவதும் இந்த வழக்கம் உண்டு. கேரளத்தில் அம்மு என்பார்கள். இந்தி பேசும் ஊர்களில் முன்னி என்பார்கள். சின்னப் பெண் என்று பொருள். பஞ்சாபில் குட்டி என்பார்கள். அங்கே அதற்குப் பொம்மை என்று பொருள். நம் குட்டி வேறு, அந்தக் குட்டி வேறு.

வங்காளத்தில் இது ஒரு முறையாகவே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஒன்று டாக் நாம், அதாவது கூப்பிடும் பெயர். இது வீட்டுக்கும் தெருவுக்கும். மற்றது பாலோ நாம், அதாவது நல்ல பெயர். இது பள்ளிக்கும் அலுவலகத்துக்கும். பெரிய திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய்க்கு வீட்டில் மாணிக் என்று பெயர். ஊருக்கு ராய், வீட்டுக்கு மாணிக்.

சில சமயம் இரண்டும் இடம் மாறிப் போகும். ஜும்பா லாஹிரி என்று ஓர் எழுத்தாளர் இருக்கிறார். வங்காளிக் குடும்பம். 1967-இல் லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அவருடைய நல்ல பெயர் நீலாஞ்சனா சுதேஷ்ணா. ஜும்பா என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர். பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியைக்கு நீளமான பெயர் வாயில் வரவில்லை. ஜும்பாதான் சுலபம் என்று அதையே கூப்பிட்டார். அதுவே நிலைத்தது. 2000-இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசும் அந்தப் பெயருக்குத்தான் வந்தது. இரண்டு பெயருக்கு நடுவே தவிக்கும் ஒரு பையனைப் பற்றி அவர் பின்னாளில் ஒரு நாவலே எழுதினார். வீட்டுப் பெயர் வீட்டோடு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் மற்றவர் காதில் அது எப்படி விழும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வங்காளத்தில் சின்னப் பெண்ணை 'புரி' என்று கொஞ்சுவார்கள். கிழவி என்று அர்த்தம். பெரிய மனுஷி போலப் பேசும் குழந்தையை நாமும் 'வாடி கிழவி' என்று கூப்பிடுவதில்லையா? அது போலத்தான். ஆனால் அந்தக் குடும்பம் பிழைப்புக்காக டெல்லிக்குப் போனால் என்ன ஆகும்? இந்தியில் ஏறக்குறைய அதே ஒலியில் ஒரு சொல் உண்டு. அதற்குக் 'கெட்டவள்' என்று பொருள். அம்மா அன்பாகத்தான் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நல்ல பெயரும் கேலிக்கு ஆளாகும். 2010-இல் ஓர் இந்திப் படத்தில் முன்னி என்ற பெயரை வைத்து ஒரு பாட்டு வந்தது. முன்னி கெட்ட பெயர் எடுத்துவிட்டாள் என்பது அதன் கருத்து. பாட்டு மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. முன்னி என்ற பெயருள்ள பெண்கள் தெருவில் நடக்க முடியாமல் கேலி பேசினார்கள். பெயர் வைத்த பெற்றோர் இதற்கு என்ன செய்ய முடியும்? இதை முன்கூட்டி அறிய வழியில்லை.

ஆனால் சிலவற்றை முன்கூட்டியே அறியலாம். கறுப்பாக இருப்பவளைக் 'கல்லோ' என்றும், குண்டாக இருப்பவளை 'மோட்டி' என்றும் வடக்கே கூப்பிடுகிறார்கள். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? குண்டு, நெட்டை, கறுப்பி என்று நாமும் கூப்பிடுகிறோம். இரண்டு வயதில் குழந்தை அதற்கும் சிரிக்கும். பன்னிரண்டு வயதில் தோழிகள் முன்னால் அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பாளா? பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவள் உடம்பைச் சுட்டிக் காட்டுகிறோம். எனக்கு இது பிடிப்பதில்லை.

வேறு ஒரு வகையும் உண்டு. பிறந்த குழந்தைகள் வரிசையாக இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தைக்கு வேண்டுமென்றே மட்டமான பெயர் வைப்பார்கள். தமிழில் குப்பம்மாள், பிச்சையம்மாள். தெலுங்கில் பெண்டம்மா. பெண்ட என்றால் குப்பைமேடு. கண் படாது, எமன் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. பெயரால் உயிர் நிற்காது. தடுப்பூசியும் சத்துணவும்தான் அதைச் செய்யும். ஆனாலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது வெறுப்பு அல்ல, பயந்துபோன பாசம்.

வெறுப்பைச் சொல்லும் பெயர்கள் வேறு. அரியானாவில் பதேரி என்று பெண்களுக்குப் பெயர் உண்டு. 'போதும்' என்று பொருள். தமிழ்நாட்டில் வேண்டாம், போதும்பொண்ணு என்ற பெயர்கள் இருக்கின்றன. மகாராஷ்டிராவில் நகுசா, நகுசி என்று வைத்தார்கள். 'வேண்டாதவள்' என்று பொருள். அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்பதற்காக வைத்த பெயர்கள் இவை. கூப்பிட்ட வீட்டாருக்கு இவை பழகிப்போயின. அந்தப் பெண்ணுக்கு அப்படி இல்லை. பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவு வாசிக்கும்போது தினமும் அவள் 'வேண்டாதவள், உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டும்.

மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் அதிகாரிகள் இப்படிப் பெயர் உள்ள சிறுமிகளைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். 285 பேர் கிடைத்தார்கள். 2011 அக்டோபரில் விழா எடுத்து எல்லோருக்கும் புதுப் பெயர் வைத்தார்கள். தங்கள் பெயரைச் சிறுமிகளே தேர்ந்தெடுத்தார்கள். ஒருத்தி ஐஸ்வர்யா என்றாள். இன்னொருத்தி சாவித்திரி என்றாள். புதுப் பெயர் எழுதிய சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில் 1000 ஆணுக்கு 920 பெண் கூட இல்லை. 1991-இல் 945 பேர் இருந்தார்கள். பெயரை மாற்றினால் இந்தக் கணக்கு மாறிவிடாது. ஆனால் 285 சிறுமிகளுக்கு வேறு பெயர் கிடைத்தது.

ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் இதைச் செய்து பாருங்கள். வாசலில் நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடுங்கள். பிறகு மருத்துவமனையில் நர்ஸ் கூப்பிடுவது போலச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு இருபது வயது ஆனதும் அலுவலகத்தில் யாரோ கூப்பிடுவது போலச் சொல்லிப் பாருங்கள். மூன்று இடத்திலும் சங்கடம் இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். குழந்தை வளர்ந்த பிறகு, 'இந்தப் பெயர் வேண்டாம்' என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். பெயர் அவளுடையது.

இன்னொரு விஷயம். செல்லப் பெயரைப் பதிவேட்டில் ஏற விடாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த அவசரத்தில் பலர் வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அவசரமே தேவையில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் முன்னைவிட முக்கியம். பள்ளியில் சேர, ஓட்டுநர் உரிமம் பெற, வாக்காளர் பட்டியலில் சேர, திருமணத்தைப் பதிய எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று அதுதான். அதில் பெயரை எழுதும்போது எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். தவறாக இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தி வாங்குங்கள்.