அனுமதிக்குப் பின் வரும் பந்தி

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் உதவிக்காரர் ஊழியத்தின் தோற்றத்தை விளக்கும் பகுதியாகவே கற்பித்து வருகிறோம். ஆயினும் அங்கு எழுந்த முறுமுறுப்பின் தன்மையைச் சற்று உற்று நோக்குதல் தகும். கிரேக்க மொழி பேசிய அவ்விதவைகள் சபைக்குப் புறம்பானவர் அல்லர். ஏற்கெனவே உள்ளே சேர்க்கப்பட்ட பின்னரே அவர்கள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போயினர். விட்டவர் இன்னாரென்றோ, தீய நோக்கத்தோடு விட்டனரென்றோ லூக்கா எழுதவில்லை.

உள்ளே சேர்த்தல் வேறு, பங்கு கிடைத்தல் வேறு என்னும் இவ்வுண்மை, ஐக்கிய அமெரிக்காவின் உயர்கல்வித் துறையில் கடந்த அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. குடிமையுரிமைப் போராட்டத்தின் பயனாக, 1960-களுக்குப் பின் கறுப்பின மாணவரும் பிற சிறுபான்மை மாணவரும், முன்பு தங்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்த பல்கலைக்கழகங்களில் கூடுதலாகச் சேர்ந்தனர். சேர்ந்தவர்கள் அங்கே எதைப் பெற்றனர் என்பதே அடுத்த வினா.

1970-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்னும் இளம் கணித ஆசிரியர் இவ்வினாவை எழுப்பினார். முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் பெருமளவில் தோல்வியுற்றதன் காரணத்தைச் சக ஆசிரியர்களிடம் அவர் கேட்டபோது, ஊக்கமின்மை, முன்பயிற்சிக் குறைவு, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்னும் விடைகள் வந்தன. நல்லெண்ணமுடைய மனிதர் எங்கும் கூறும் விடைகளே இவை, நாமும் கூறியிருக்கிறோம். டிரைஸ்மனோ இருபது கறுப்பின மாணவரையும் இருபது சீன வமிச மாணவரையும் அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று மாதக்கணக்கில் கவனித்தார். அந்நான்கு விடைகளும் நிலைநிற்கவில்லை. பெற்றோர் பெரிதும் ஆதரவளித்தனர். மாணவர் பலர் தத்தம் பள்ளிகளில் முதன்மை பெற்றவர்கள்.

வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. கறுப்பின மாணவர், வகுப்பு ஒரு மணிக்கு வீட்டில் இரண்டு மணி என்று ஆசிரியர் சொன்னபடியே, தனித்திருந்து உழைத்தனர். சீன வமிச மாணவர் தனியே படித்தபின் ஒன்றுகூடி, ஒருவர் விடையை மற்றவர் திருத்தி, கடினமான கணக்குகளைச் சேர்ந்து ஆராய்ந்து, உணவும் உண்டு பிரிந்தனர். தன் தவறு தனக்கே உரிய குறையா, எல்லாரும் இடறும் இடமா என்பதை அவர்கள் அறிந்துகொண்டனர். தனித்துப் படித்தவர் அதைத் தேர்வுத்தாள் திரும்பி வந்தபோதே அறிந்தனர். தனித்துப் படிக்கும் பழக்கமே பள்ளிப் பருவத்தில் அவர்களைக் காத்து உயர்த்தியது என்பதை மறவாதிருப்போமாக.

டிரைஸ்மன் கண்ட பரிகாரம் குறைநீக்க வகுப்பு அன்று. அத்தகைய வகுப்புகளைத் திறமையுள்ள மாணவர் தங்களுக்குரியவை எனக் கருதவில்லை. அங்குச் செல்வதை இழிவாகவும் எண்ணினர். ஆகவே அவர் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உழைக்கச் செய்யும் பட்டறையை 1978-இல் தொடங்கி, அதில் சேர்தலை ஒரு மதிப்பாக்கினார். தோல்விகள் வெகுவாகக் குறைந்தன. விரும்பி வந்தவர்களே வென்றனர் என்று ஐயுறுவோர் உண்டு, அவ்வையம் நேர்மையானதே. எனினும் அம்மாணவர்க்கு அறிவோ ஊக்கமோ இல்லை என்னும் பழைய விடைக்கு அதன்பின் இடமில்லை.

இவ்விடயம் கணிதத்தோடு நிற்பதன்று. அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் வெளியீடாக 2008-இல் ஜார்ஜ் கூ எழுதிய நூல், பேராசிரியருடன் ஆய்வு, தொழிற்பயிற்சி, வெளிநாட்டுப் படிப்பு, சேவைவழிக் கற்றல் முதலிய பத்துக் கல்வி முறைகள் மாணவரை ஆழமாக வளர்ப்பதைக் காட்டியது. பின்தங்கி வந்தோர்க்கு இவற்றால் விளையும் நன்மை சிலவேளை மற்றவரினும் மிகுதி. ஆனால் கறுப்பின மாணவரும், குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்டோரும் இவற்றில் பங்கேற்பது குறைவு என்பதையும் அது சுட்டியது. காரணம் அறிவது அரிதன்று. கட்டணத்திற்காக மாலையில் வேலை செய்பவன் ஊதியமற்ற பயிற்சிக்குச் செல்ல இயலாது. ஆய்வுக்கான அழைப்போ அறிவிப்புப் பலகையில் வருவதில்லை. வகுப்பு முடிந்தபின் ஆசிரியரோடு உரையாடத் துணிந்தவன் காதில் விழுகிறது.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம் இதனை மாற்றியமைத்தது. ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதியரின் கொடையால், ஃப்ரீமன் ரபௌஸ்கியின் முயற்சியில் 1988-இல் அங்கு எழுந்த திட்டம் முதலில் கறுப்பின இளைஞருக்கும், பின்னர்ப் பெண்களுக்கும், 1996 முதல் எல்லா இனத்தவர்க்கும் உரியதாயிற்று. கோடைகால ஆயத்தம், குழுப்படிப்பு, ஆய்வுக்கூடப் பணி ஆகியவை சேர்ந்த ஒவ்வொருவருக்கும் விதிக்கப்பட்டன. கேட்டுப் பெறவேண்டிய சலுகையாக விடப்படவில்லை. கொரோனா தடுப்பூசி ஆய்வில் முன்நின்ற கிஸ்மீக்கியா கார்பெட் இத்திட்டத்தில் பயின்று 2008-இல் பட்டம் பெற்றவர். 2023-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், அனுமதியில் இனத்தைக் கணக்கிலெடுக்கும் முறையைத் தடுத்தது. அனுமதிக்குப் பின் நிகழ்வதைப் பற்றிய வினாவோ அப்படியே நிற்கிறது.

எருசலேம் சபை தெரிந்துகொண்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டோர் பக்கத்தவர் கையிலேயே பந்தி விசாரணை ஒப்புவிக்கப்பட்டது எனப் பல உரையாசிரியர் இதிலிருந்து கருதுவர். விதவைகள் இன்னும் உரக்கக் கேட்கவேண்டும் என்று அப்போஸ்தலர் போதிக்கவில்லை; பங்கிடும் முறையையே மாற்றினர்.

நம் இறையியல் கல்லூரிகளில் களப்பணி எல்லார்க்கும் கட்டாயம். ஆனால் எந்தக் களம் எவருக்கு என்பதையும், வெளிநாட்டு விருந்தினர் வருகையில் உடன் செல்பவர் எவர் என்பதையும் ஆசிரியர் அறையில் சில நிமிடங்களில் முடிவு செய்கிறோம். ஆங்கிலம் சரளமாக வருபவன் பெயரே முதலில் நம் நாவில் வருகிறது. கிராமச் சபையிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருப்பவன் பெயரை, பட்டியல் ஒட்டப்பட்ட பிறகே நினைக்கிறோம்.