கடிதத்தின் அடியில் ஒரு கொக்கி

ராமச்சந்திராபுரத்தில் பெல் ஆலை வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். அப்படி ஒரு பையன் தன் விடுப்புக் கடிதத்தைக் காட்டினான். காய்ச்சல், மூன்று நாள் விடுப்பு, எல்லாம் சரி. முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்ற இடத்தில், ஆர் எழுத்துக்கும் எஸ் எழுத்துக்கும் நடுவே ஓர் அப்பாஸ்ட்ரஃபி, அதாவது தலைக்கு மேலே போடும் கொக்கி. பெரியவர்களின் விண்ணப்பங்களிலும் இதைப் பார்க்கிறேன். அங்கே அது வரவே கூடாது.

காரணத்தைத் தமிழை வைத்தே புரிந்துகொள்ளலாம். ராமனோடு 'இன்' சேர்த்து 'ராமனின் வீடு' என்கிறோம். 'நானின் வீடு' என்று எவரும் சொல்வதில்லை. நான் 'என்' ஆகிவிடுகிறது. உடைமை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். பெயருக்குக் கொக்கியும் எஸ்ஸும் வேண்டும். மை, யுவர், ஹிஸ், ஹெர், இட்ஸ் எல்லாம் ஏற்கெனவே உருமாறியவை. மைன், யுவர்ஸ், ஹெர்ஸ் ஆகியவை 'என்னுடையது', 'உன்னுடையது' போலத் தனியே நிற்பவை. அவற்றுக்கும் கொக்கி கிடையாது. தெலுங்கில் 'நா இல்லு', 'நாதி' என்று சொல்லிக் காட்டியதும் பையனுக்குச் சட்டென்று பிடிபட்டது.

பெரும்பாலோர் இடறுவது இட்ஸில்தான். கொக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதுக்கு ஒரே ஒலி. கொக்கி போட்டால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்பதன் சுருக்கம். எழுத்து விழுந்த இடத்தைக் கொக்கி காட்டுகிறது. போடாவிட்டால் 'அதன்'. சந்தேகம் வந்தால் விரித்துப் படியுங்கள். 'பஸ்ஸும் அதன் டிரைவரும்' என்று எழுத நினைத்த இடத்தில் 'இட் இஸ் டிரைவர்' என்று வந்தால் பொருளே இல்லை, கொக்கியை எடுத்துவிடுங்கள். 'யுவர்', 'யூ ஆர்' குழப்பமும் இப்படியே தீரும்.

இனி, பெயரில் கொக்கி எங்கே? செப்டம்பர் 5 டீச்சர்ஸ் டே. ஆசிரியர்கள் பலர், பன்மைக்கான எஸ் வந்துவிட்டது. கொக்கி அதற்குப் பின்னால். நவம்பர் 14 சில்ட்ரன்ஸ் டே. 'சில்ட்ரன்' எஸ் இல்லாமலே பன்மை. கொக்கி எஸ்ஸுக்கு முன்னால். சென்னையில் 1914இல் தொடங்கிய குயின் மேரிஸ் கல்லூரியிலும் முன்னால்தான், ஏனென்றால் மேரி ஒருவர்.

வெறும் பன்மைக்குக் கொக்கி வேண்டாம். 'டிபன்ஸ்', 'ஜூஸஸ்' என்று பலகை எழுதும்போது எஸ் மட்டும் போதும். அங்கே யாருக்கும் எதுவும் சொந்தமில்லை, எந்த எழுத்தும் விழவில்லை.