உராய்வுதான் காவல்

மூன்று கிலோ எடையுள்ள ஒரு கண்ணாடியை 45 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பள்ளிக்கூடக் கணக்குதான். சுமார் 13 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தரையிலிருந்து எடுத்து மார்பளவு உயர அலமாரியில் வைக்கிற வேலை, அவ்வளவே. ஆனால் அந்தக் கண்ணாடியை ஏற்றக் கார்க் கதவுக்குள் மாட்டிய மோட்டார், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுத்து 4 விநாடி ஓடினால், பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்வது 288 ஜூல். நூற்றில் ஐந்து பங்குகூடத் தூக்கும் வேலைக்குப் போகவில்லை. மீதியெல்லாம் எங்கே போகிறது?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், வில்லியனூரைத் தாண்டி வருவது அரியூர். இங்கே ஒருவர் தன் அப்பா காலத்து அம்பாசிடரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் அது. என்ஜினைப் பார்த்தாயிற்று, பெயிண்டும் அடித்தாயிற்று. கண்ணாடியை ஏற்றி இறக்கத்தான் கை வலிக்கிறது. “பவர் விண்டோ போட்டுடலாமாண்ணே?” என்று பட்டறையில் கேட்கிறார். போடலாம். அதற்கான கிட் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் கதவின் உள்பலகையைக் கழற்றியதும் தெரிவது, கழற்றி எறியப்போகிற பழைய இயந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதுதான்.

கைப்பிடியின் அச்சில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது விசிறி வடிவிலான பெரிய பல்சக்கரத் துண்டைத் திருப்ப, அதோடு சேர்ந்த நீண்ட கை கண்ணாடியின் அடித்தாங்கியைத் தள்ளி ஏற்றுகிறது. பல கார்களில் ஒரு சுருள்வில்லும் இருக்கும். கண்ணாடி இறங்கும்போது முறுக்கேறி, ஏறும்போது அந்தத் தெம்பைத் திருப்பித் தரும். இதுவரை வியக்க ஒன்றுமில்லை. வியப்பு அடுத்த கேள்வியில் இருக்கிறது: கைப்பிடியை விட்டதும் கண்ணாடி ஏன் கீழே சரிவதில்லை? மேடுபள்ளமான சாலையில் கார் குலுங்கினாலும், வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அமுக்கினாலும், கைப்பிடி தானாகச் சுழல்வதில்லையே?

கைப்பிடிக்குப் பின்னால் ஐம்பது காசு அகலத்துக்கு ஓர் உருளைக் கிண்ணம். அதன் உள்சுவரை ஒட்டி, இறுக்கமாகச் சுற்றிய கம்பிச்சுருள். சுருளின் இரு முனைகளும் உள்பக்கம் மடங்கியிருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் அது முனையைத் தள்ளிச் சுருளைச் சுருக்குகிறது. சுவரைவிட்டு விலகிச் சுருள் எளிதாகச் சுழல்கிறது. கண்ணாடியின் பக்கமிருந்து தள்ளினாலோ முனை எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு, சுருள் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்கிறது. முரட்டு மாட்டின் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன்கூடப் பிடித்து நிறுத்திவிடுவான் அல்லவா? அதே தத்துவம். 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் இதற்கு வாய்பாடு எழுதினார். உராய்வு எண் 0.3 என்றால், இரண்டே சுற்றில் பிடி சுமார் 40 மடங்காகிறது. சுற்று கூடக்கூடப் பிடி கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும்.

ஆக, கார்க் கண்ணாடியில் தூக்குவது பெரிய காரியமில்லை. தூக்கியதை அங்கேயே நிறுத்துவதுதான் காரியம். 1940-ல் அமெரிக்காவின் பேக்கார்டு 180 காரில் கண்ணாடிகளைத் திரவ அழுத்தத்தால் இயக்கினார்கள். எண்ணெய்க் குழாயை நம்பிய அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. பின்னால் வந்து நிலைத்தது மின்மோட்டார். அதுவும் தனியாக வரவில்லை, வார்ம் கியரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

மோட்டாரின் அச்சிலேயே திருகுமரை போல ஒரு புரி. அது சக்கரத்தின் பற்களில் பதிந்து சுழலும். புரி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். 70 பல் இருந்தால், 70 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. இந்தப் புரியின் சரிவு மிகக் குறைவு. அதனால் புரி சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தால் புரியைத் திருப்ப முடியாது. கண்ணாடி எவ்வளவு அழுத்தினாலும் உராய்வு விடாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இப்படித் தானே பூட்டிக்கொள்ளும் கியரின் திறன் எப்போதும் 50 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும் என்பது இயந்திரவியலில் நிறுவப்பட்ட உண்மை. 288 ஜூலில் கணிசமான பங்கு போகும் இடம் இதுதான். அதை வீண் என்று எழுதிவிட முடியாது. மின்சாரம் நின்ற பிறகும் காவல் காக்கப்போகிற உராய்வுக்கு முன்கூட்டியே கொடுத்த கூலி அது.

அடுத்தது வயர். பேட்டரியிலிருந்து கதவுக்குப் போய்த் திரும்ப மொத்தம் 10 மீட்டர் வயர் என்போம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 8 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் தொலைந்துவிடும், 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.55 வோல்ட்தான். காந்த மோட்டாரின் வேகம் வோல்ட்டேஜைப் பொறுத்தது. மெல்லிய வயர் போட்ட காரில் கண்ணாடி முக்கி முனகி ஏறுவதற்குப் பாதிக் காரணம் இது. ஏற்றமும் இறக்கமும் வெறும் திசை மாற்றம்: மோட்டாரின் இரு முனைகளில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் சுழற்சியும் மாறும். பட்டனுக்குப் பதில் ரிலே (மின்காந்தச் சுவிட்ச்) அந்த மின்னோட்டத்தைச் சுமந்தால் பட்டன் கருகாது. கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே வயர் தினமும் மடங்கி நிமிர்வதால், பல இழைச் செம்பு வயரும் அதற்கு ரப்பர் உறையும் கட்டாயம்.

இழந்ததும் உண்டு. கைப்பிடியில் சுற்றும்போது குழந்தையின் விரல் மாட்டினால் கைக்கே தெரிந்துவிடும், நிறுத்திவிடுவோம். மலிவான கிட் மோட்டாருக்கு அது தெரியாது. தடைபட்டு நின்றால் இன்னும் அதிக மின்னோட்டம் இழுத்து அழுத்தும். சூடேறியபின் துண்டிக்கும் பாதுகாப்பு மோட்டாருக்குத்தான், விரலுக்கு அல்ல. தடை வந்தால் பின்வாங்கும் வசதியுள்ள கிட்டை வாங்குவதே நல்லது.

தண்ணீர் இன்னொரு சங்கதி. 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் வந்தது. கார் நீரில் மாட்டி, கண்ணாடியில் சராசரி 20 சென்டிமீட்டர் ஆழ நீரின் அழுத்தம் விழுந்தால், 0.2 சதுர மீட்டர் கண்ணாடிக்குக்கூட ஏறக்குறைய 40 கிலோ அமுக்கம். நனைந்த பட்டனை அந்த நேரத்தில் நம்புவதைவிடக் கைப்பிடியை நம்பலாம். எனவே முன்கதவு இரண்டுக்கும் மட்டும் மோட்டார் போட்டுப் பின்கதவுகளைப் பழையபடியே விட்டுவைப்பது கஞ்சத்தனம் ஆகாது.

மோட்டார் வாங்கும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அடித்தாங்கியிலிருந்து கண்ணாடியை விடுவித்து, கையால் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். பக்கவாட்டு ரப்பர் பீடிங் காய்ந்து இறுகியிருந்தால், அந்த உராய்வு கண்ணாடியைக் காப்பதில்லை, வெறுமே தடுக்கிறது. அதை மாற்றி, தடத்தில் சிலிகான் தடவி, பல்சக்கரத்துக்குப் புது கிரீஸ் வைத்த பிறகு பழைய கைப்பிடியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சில கார்களுக்கு மோட்டாரே தேவைப்படாது.