காப்பீட்டு முகவராகச் சேருமுன்

பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் கைக்கு வருமுன்னரே நம் மாணவர் சிலர்க்கு அழைப்பு வந்துவிடுகிறது. நேர்காணலுக்கு வருக, பேச்சுத்திறன் ஒன்றே போதும், வருவாய்க்கு வரம்பில்லை என்பது அவ்வழைப்பின் சாரம். அழைப்பவர் ஏதேனும் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளராகவோ வளர்ச்சி அதிகாரியாகவோ இருப்பார். தமிழ் பயின்ற மாணவர்பால் இவர்களுக்குத் தனி விருப்பம் உண்டென்பதை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். பட்டிமன்றத்தில் பேசியவன் பாலிசியையும் பேசி விற்றுவிடுவான் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கு முற்றிலும் தவறானதன்று. ஆயினும் அது அவர்கள் கணக்கே. மாணவன் தன் கணக்கைத் தனியே போட்டுப் பார்த்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர் இவ்வாறே ஒரு கிளையில் சேர்ந்தார். முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து, தமக்குத் தெரிந்த 100 பேருடைய பெயர்களை எழுதித் தருமாறு கேட்டனர். மாமா, சாச்சா, அக்காள் மாப்பிள்ளை, தெருக்கோடி மளிகைக் கடைக்காரர் எனப் பெயர்கள் நிறைந்தன. எட்டு மாதம் அவருக்கு நல்ல காலம். கிளையின் அறிவிப்புப் பலகையில் பெயர் ஏறியது; கேடயம் ஒன்றும் கிடைத்தது. பின்னர்ப் பட்டியல் தீர்ந்தது. அடுத்த ஆண்டு பிரிமியம் கட்டவேண்டிய நாள் வந்தபோது பாதிப்பேர் கட்டவில்லை. அவர்கள் வாங்கியது காப்பீட்டின் தேவையை உணர்ந்தன்று, முகதாட்சணியத்திற்காக. அப்போதிருந்த விதிப்படி ஓராண்டு மட்டும் கட்டிய பணத்தில் ஒரு காசும் திரும்பவில்லை. மாணவரின் திருமணத்திற்குச் சாச்சா வரவில்லை.

முகவர் என்னும் சொல் நன்கு அமைந்த சொல்லென்றே நமக்குத் தோன்றுகிறது. நிறுவனத்தின் முகமாக நிற்பவர் முகவர். தெருவில் மக்கள் காண்பது நிறுவனத்தையன்று, அவர் முகத்தையே.

இவ்வாறு நேர்வது ஏன் என்பதை அறியத் தொழிலின் அமைப்பை அறிதல் வேண்டும். முகவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். அவருக்கு மாத ஊதியம் இல்லை. வருங்கால வைப்பு நிதியும் இல்லை. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் ஒன்றுமில்லை. 1956இல் 245 காப்பீட்டு அமைப்புகள் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றிய பின், வளர்ச்சி அதிகாரிகளின்கீழ் முகவர்கள் ஊர்தோறும் பணியாற்றும் முறை வேரூன்றியது. அதிகாரிக்குச் சம்பளம் உண்டு. தம்கீழ் உள்ள முகவர்கள் கொணரும் வணிகத்தைக் கொண்டே அவரது உயர்வு அளக்கப்படும். 2000ஆம் ஆண்டில் தனியார்க்கும் கதவு திறக்கப்பட்டபின் அவர்களும் பெரும்பாலும் இதனையே பின்பற்றினர். எனவே ஆள் சேர்ப்பவர்க்கு ஒரு முகவரைக் கூடுதலாகச் சேர்ப்பதில் இழப்பேதும் இல்லை. நூறு பேர் சேர்ந்து தொண்ணூறு பேர் விலகினாலும், அவர்கள் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியல்கள் பயன்பட்டுவிடும்.

இது மிகையன்று. 2010ஐ ஒட்டி நாட்டில் ஆயுள் காப்பீட்டு முகவர் தொகை ஏறத்தாழ 30 லட்சமாக இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பங்குச் சந்தை சார்ந்த யூலிப் பாலிசிகளின் கட்டணங்களுக்கு ஒழுங்குமுறை ஆணையம் கடிவாளமிட்டது. தொடர்ந்த சில ஆண்டுகளில் முகவர் தொகை பல லட்சம் குறைந்தது.

ஆகவே மாணவன் கேட்கவேண்டிய முதல் வினா, 'எனக்கு எவ்வளவு கிடைக்கும்' என்பதன்று. 'இங்கே எழுதப்படும் பாலிசிகளில் எத்தனை அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்கின்றன' என்பதே. இதனை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. 13ஆம் மாத நிலைப்பு விகிதம் என்பர். தொழிலில் உள்ளோர் பெர்சிஸ்டென்சி என்றே வழங்குவர். விற்ற பாலிசிகளுள் முதலாண்டு கழிந்து மறு பிரிமியமும் கட்டப்பட்டவை எத்தனை விழுக்காடு என்பதே அது. இவ்வாறே 25, 37, 49, 61ஆம் மாதங்களுக்கும் கணக்கிடப்படும். நிறுவனங்கள் தம் இணையதளப் பொது அறிக்கைகளில் இதனை வெளியிடுகின்றன. ஆனால் நிறுவனம் முழுமைக்குமான எண் மட்டும் போதாது. 'இக்கிளையின் எண் யாது? உங்கள்கீழ் உள்ள முகவர்களின் எண் யாது?' என்று சேர்ப்பவரிடமே கேட்டல் வேண்டும். விடை கூற இயலாதவரும் வினாவைக் கேட்டு நகைப்பவரும் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தவராவர்.

இவ்வெண்ணுக்கும் மாணவனின் வருவாய்க்கும் உள்ள தொடர்பைச் சிறிது விரித்துரைப்போம். திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய தெரிந்து செயல்வகையின் முதற் குறளில், அழிவதையும் ஆவதையும் எண்ணுவதோடு நில்லாமல், ஆனபின்னர் வழியில் விளையும் ஊதியத்தையும் எண்ணவேண்டும் என்கிறார் வள்ளுவர். காப்பீட்டு முகவர்க்கு அவ்வூதியம் புதுப்பிப்புக் கமிஷன். நெடுங்கால பாலிசிகளுக்கு, ஊக்கத்தொகை நீங்கலாக, முதலாண்டில் 25 விழுக்காடு, அடுத்த இரண்டாண்டுகளில் 7.5, பின்னர் 5 என வழங்குவது பல்லாண்டுக் காலம் வழக்கிலிருந்தது. 2023 ஏப்ரல் முதல், ஆணையம் வகுத்த மொத்தச் செலவு வரம்புக்குட்பட்டு, ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவே கமிஷனை வகுக்கிறது. விளக்கத்திற்காகப் பழைய அளவையே கொள்வோம்.

ஆண்டுக்கு 20,000 ரூபாய் பிரிமியமுள்ள 12 பாலிசிகளை ஒருவர் விற்கிறார். பிரிமியம் 2,40,000, கமிஷன் 60,000. அதாவது மாதம் 5,000. இதில் பெட்ரோல், தொலைபேசி, நாட்காட்டி, தேநீர்ச் செலவெல்லாம் அடக்கம். ஆண்டுதோறும் இவ்வளவே விற்று, பாலிசிகள் யாவும் நிலைத்தால், ஐந்தாம் ஆண்டில் புதியவற்றால் 60,000, பழையவற்றால் 60,000, ஆக 1,20,000. ஓராண்டு முடிந்ததும் பாதி அறுந்துபோனால் பழையவற்றின் பங்கு 30,000தான். தொகையில் காணும் குறைவைவிடப் பெரிது ஒன்றுண்டு. அறுந்த பாலிசி ஒவ்வொன்றும் இனி நமக்குக் கதவு திறவாத ஒரு வீடு.

இங்கே நியமனக் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் நம்மவர்க்குக் குறைவென்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பரிமேலழகர் உரையை வரிவரியாகப் படித்தவன், தன் வாழ்வைக் கட்டும் நான்கு பக்க ஒப்பந்தத்தைப் படியாமல் கையொப்பமிடுகிறான்! விலகினால் புதுப்பிப்புக் கமிஷன் தொடருமா, இறந்தால் குடும்பத்திற்கு வருமா, ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை பாலிசி, எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பன அதில்தான் இருக்கும். பாலிசி விரைவில் முறிந்தால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிக்கும் விதி உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். 2024 அக்டோபர் முதல், முறிக்கும் வாடிக்கையாளர்க்குக் கூடுதல் தொகை தரவேண்டிய விதி வந்தபின் இவ்வினாவின் எடை மிகுந்துள்ளது. மேலும் ஒரு முகவர் ஒரே நேரத்தில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்கே பணியாற்றலாம். அடுத்த நிறுவனத்திற்குச் செல்லப் பழைய நிறுவனத்தின் விலகல் சான்று தேவை. நுழைவது எளிது என்பதால் வெளியேறுவதும் எளிதென்று கருதவேண்டா.

பயிற்சியைப் பற்றி நீளச் சொல்லவேண்டியதில்லை. உரிமத்திற்கான தேர்வு கடினமானதன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அறியவேண்டுவது தேர்வுக்குப் பின்னர் என்ன நிகழும் என்பதே. முதல் சில வாடிக்கையாளர்களிடம் அதிகாரி உடன் வருவாரா? ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்து உரிமைத் தொகை கோரும்போது கிளையில் யார் அத்தாள்களைப் பார்ப்பார்? பாலிசி வந்த 30 நாளுக்குள் வாடிக்கையாளர் திருப்பித் தரலாம் என்பதை அவரிடம் சொல்லக் கற்றுத் தருகின்றனரா? அவ்வுரிமையை மறைக்கச் சொல்லும் இடத்தில் பயிற்சி எத்துணைச் சிறப்பாயினும் பயனில்லை.

சுவரில் தொங்கும் கேடயங்களைக் கண்டு மயங்குவதும் வேண்டா. எம்.டி.ஆர்.டி. என்னும் பெயரை அங்கே காணலாம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1927இல் தோன்றிய முகவர் அமைப்பு அது, மதிப்பிற்குரியதே. ஆனால் அதன் தகுதி ஓராண்டு விற்பனையைக் கொண்டு அளக்கப்படுவது. நிலைத்த பாலிசிகளை அது காட்டாது.

சில கிளைகளில், 'முதல் பிரிமியத்தில் உன் கமிஷனை வாடிக்கையாளர்க்கே விட்டுக்கொடு, எளிதில் முடியும்' என்று மெல்லச் சொல்வர். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு இதனைத் தடுக்கிறது. தண்டம் 10 லட்சம் ரூபாய் வரை விதிக்கலாம். தண்டம் சொன்னவர்மேல் விழாது, செய்தவர்மேல் விழும். சேருமுன் உன் பெயரிலேயே ஒரு பாலிசி எடு என்று கட்டாயப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுதல் தகும்.

நம் சமுதாயத்து மாணவர்க்கு மற்றொரு தயக்கமும் உண்டு. காப்பீட்டில் வட்டி கலந்திருத்தல் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. மலேசியாவில் 1984இல் தகாஃபுல் என்னும் மாற்றுமுறைக்குத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஆனால் சேர்ந்தபின் இவ்வையத்தைச் சுமந்துகொண்டு வீடு வீடாகச் செல்வது இயலாத செயல். முன்னரே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இவ்வாண்டு இறுதியாண்டு மாணவர் ஒருவர் அழைப்புக் கடிதத்தோடு நம்மிடம் வந்தார். கிளைக்குச் செல்லுமுன் அதே கிளையில் பத்தாண்டு கண்ட முகவர் ஒருவரையும், விலகிய ஒருவரையும் பார்த்துவரச் சொன்னோம். விலகியவர் தேநீர் வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் குறை சொன்னாராம். மூத்தவர் அதிகம் பேசவில்லை. நீளமான கணக்கேடு ஒன்றை எடுத்துக் காட்டினாராம். மாதவாரியாகப் பெயர்கள், யாருக்கு எப்போது பிரிமியம், யார் மகளுக்கு எப்போது திருமணம், யார் வீட்டில் யார் இறந்து தொகை பெற்றுத் தரப்பட்டது என்னும் குறிப்புகள். அக்கணக்கேட்டின் முதற்பக்கத்தில் உறவினர் பெயர் எத்தனை என்று கேட்டோம். 'மூன்றுதான் ஐயா' என்றார். கிளை மேலாளரிடம் நிலைப்பு விகிதம் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் சொல்வதாகக் கூறியுள்ளனராம். அவ்விடை வரும்வரை பெயர்ப் பட்டியல் எழுதப்படாமல் அவர் பையிலேயே இருக்கிறது.