குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல

"பகலெல்லாம் பாடுபட்ட உடம்பு, அசந்து தூங்குதாவ." பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, தாமிரபரணிக் கரை வீடுகளில் குறட்டைக்குச் சொல்லும் சமாதானம் இது. ஆனால் அந்தக் குறட்டை சட்டென்று அடங்கி, சிறிது நேரம் கழித்துத் திணறலோடு மீண்டும் எழுந்தால், இடையில் மூச்சு நின்றிருக்கிறது என்று பொருள். இதுதான் ஸ்லீப் அப்னியா என்னும் உறக்க மூச்சடைப்பு. எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் உழைக்கும் வயதினரில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கக்கூடும்.

என்ன நடக்கிறது?

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னே சரிகிறது. வாய்க்கால் மடையில் பலகை இறக்கியதுபோல மூச்சுவழி அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உலுக்கி எழுப்புகிறது. தூங்கியவருக்கு அது நினைவிருக்காது. 10 நொடியாவது நீடிக்கும் இத்தகைய தடை மணிக்கு 5 முறைக்குக் குறைவு என்றால் கவலையில்லை. 30-ஐ எட்டினால் நோய் தீவிரம்.

காலையில் தலைவலி, இரவில் அடிக்கடி சிறுநீர், பகலில் உட்கார்ந்தால் தூக்கம், மறதி, எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். உடல் பருமனும் தடித்த கழுத்தும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். தாடை சிறுத்த ஒல்லியானவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும்.

கவனிக்காவிட்டால்?

மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றோடு இந்நோய்க்குத் தொடர்பு உண்டு. இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணம் இதுதான். நெல்லையிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் வண்டி ஓட்டுபவருக்கு இந்நோய் இருந்தால், ஆபத்து அவரோடு நிற்காது. ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று 1961-லேயே சட்டம் வரம்பு கட்டியது. ஓய்வு கேட்பது அவர் உரிமை. ஆனால் மூச்சு அடைபடும் உறக்கம் எத்தனை மணி நேரம் நீண்டாலும் ஓய்வாகாது.

பரிசோதனையும் சிகிச்சையும்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய் அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டலாம். ஓர் இரவு உறங்கவைத்துச் செய்யும் 'ஸ்லீப் ஸ்டடி'தான் நோயை உறுதிசெய்யும். சிலருக்கு வீட்டிலேயே செய்யும் கருவியும் போதும்.

எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது ஆகியவை எல்லோருக்கும் பொது. மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரை மூச்சடைப்பைக் கூட்டும். நடுத்தர, தீவிர நிலைக்கு முதன்மைச் சிகிச்சை 'சிபாப்' கருவி. முகமூடி வழியே காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் இதை, ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். தினமும் அணிந்தால்தான் பயன். இலேசான நிலைக்குக் கீழ்த்தாடையை முன்தள்ளும் பல்கருவி உதவும். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். வேறு எந்த அறுவைக்குப் போனாலும், மயக்க மருந்து தருபவரிடம் இந்நோயைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் உரிமைகள்

உறக்கமும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ராம்லீலா மைதான வழக்கில் கூறியது. நடைமுறையில் உதவுபவை வேறு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை மருத்துவப் பதிவேட்டைத் தர வேண்டும். காப்பீடு எடுக்கையில் நோயை மறைக்காதீர்கள். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களைத் தாண்டக்கூடாது என்பது 2024 முதல் விதி. பரிசோதனைக்காக மட்டும் அனுமதியானால் பணம் கிடைப்பது கடினம்; முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் மறுத்தால், அல்லது புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பழைய சிபாப் கருவி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு சிதையும் என்று 2021-இல் பிலிப்ஸ் நிறுவனமே லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றது. மாடல் எண்ணைச் சரிபார்த்து, ரசீதோடு வாங்குங்கள். குறையிருந்தால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

மூச்சு நிற்பது தூங்குபவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். கணவரோ மனைவியோ, இன்றிரவே அந்தக் குறட்டையைக் கைபேசியில் பதிவுசெய்து, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.