ஃபுந்துக் முதல் பென்சியோனே வரை: பலெர்மோ நகரின் எளிய விடுதிகள்

வழிப்போக்கருக்கு இடமளித்தல் உலகின் தொன்மையான அறங்களுள் ஒன்று. ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினரைக் கூறுமிடத்துத் திருமறை வழிப்போக்கரையும் சேர்த்தே கூறுகின்றது. நம் ஊர்களில் எழுந்த முசாபர்கானாக்களும் சத்திரங்களும் இவ்வறத்தின் கட்டட வடிவங்களே ஆகும். அறமாகத் தொடங்கிய இவ்வழக்கம் காலப்போக்கில் வாணிகமாகவும் வளர்ந்தது. இத்தாலி நாட்டின் பழைய நகரங்களுடைய நடுப்பகுதியில் இன்றும் காணப்படும் எளிய விடுதிகள் அவ்வளர்ச்சியின் ஒரு கிளை எனலாம். அவை எத்தகையன, அவற்றின் வரலாறு யாது, அங்குத் தங்குவோர் அறிய வேண்டுவன யாவை என்பவற்றைச் சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம். அரபு மொழியும் இத்தாலிய மொழியும் பல்லாண்டுகள் ஒரே தெருவில் வழங்கிய நகரம் அது என்பதே அதனைத் தேர்ந்ததற்குக் காரணமாகும்.

நகரின் அமைப்பு

பலெர்மோவைக் கி.பி. 831இல் முஸ்லிம்கள் கைப்பற்றினர். 1072இல் நார்மானியர் கைக்கொண்டனர். இவ்விடைப்பட்ட காலத்தில் ‘பலர்ம்’ என வழங்கிய இந்நகரம் மத்தியதரைக் கடலின் பெருநகரங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் இங்கு வந்த புவியியல் அறிஞர் இப்னு ஹவ்கல், நகரில் முந்நூறு பள்ளிவாசல்கள் இருந்ததாகக் குறித்துள்ளார்.

இன்றைய பழைய நகரை இரு நெடுந்தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன. அவற்றுள் மூத்த தெருவுக்கு மக்கள் வழக்கிலுள்ள பெயர் ‘கஸ்ஸாரோ’. கோட்டை அல்லது அரண்மனை எனப் பொருள்படும் ‘அல்-கஸ்ர்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபே அது. மற்றொன்று மக்கேதா வீதி. இரண்டும் சந்திக்குமிடத்தில் 1608க்கும் 1620க்கும் இடையில் எழுப்பப்பட்ட நாற்சந்தி, ‘குவாத்ரோ கந்தி’ எனப்படுகின்றது. கடலை அடுத்த பகுதியின் பெயர் ‘கல்ஸா’. ஃபாத்திமியர் 937இல் அமைத்த ‘அல்-காலிஸா’ என்னும் ஆட்சியிருப்பின் நினைவு அப்பெயரில் நிலைத்துள்ளது. பேராலயத்தின் தென்புற முகப்பிலுள்ள தூணொன்றில் திருக்குர்ஆன் வசனம் இன்றும் பொறிக்கப்பட்ட நிலையில் உள்ளது. இத்தகைய சின்னங்களுள் ஒன்பதினை யுனெஸ்கோ நிறுவனம் 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சொல் நடந்த வழி

விடுதியைக் குறிக்கும் இத்தாலியச் சொற்கள் பல. ‘அல்பெர்கோ’ என்பது படை தங்கும் இடத்தைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து பிறந்தது. ‘லொகாந்தா’ என்பது வாடகைக்கு விடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினது. ‘பென்சியோனே’ என்பது கட்டணம் செலுத்துதல் என்னும் பொருளிலிருந்து வந்தது; உணவும் உறையுளும் சேர்த்தளிக்கும் குடும்ப விடுதியை அது குறித்தது.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது ‘ஃபொந்தாகோ’ என்னும் சொல்லாகும். யாவரையும் ஏற்கும் இடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல், அரபியில் ‘ஃபுந்துக்’ ஆயிற்று; அரபியிலிருந்து வணிகர் வழியே இத்தாலிக்குச் சென்று ‘ஃபொந்தாகோ’ ஆயிற்று. நடுவே முற்றம், கீழ்த்தளத்தில் சரக்கறைகளும் கால்நடைக் கொட்டிலும், மேல்தளத்தில் வணிகர் தங்கும் அறைகள் என்பதே அதன் அமைப்பு. அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகருக்கு ஃபுந்துக் இருந்தது; வெனிஸில் ஜெர்மானிய வணிகருக்கு ஃபொந்தாகோ இருந்தது. உஸ்மானியப் பேரரசின் முஸ்லிம் வணிகர்க்கென 1621இல் வெனிஸ் அரசு பெருங்கால்வாய்க் கரையில் ஒரு மாளிகையை ஒதுக்கியது. அங்கே தொழுமிடமும் குளிக்குமிடமும் அமைந்திருந்தன. 1838 வரை அது அப்பணிக்கே பயன்பட்டது. இன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

இவ்விடங்களின் கதவுகள் இரவில் பூட்டப்பட்டன என்பதும் நோக்கத்தக்கது. அந்நியரை ஏற்பதும் அவரைக் கண்காணிப்பதும் அக்கால விடுதியில் ஒருங்கே நிகழ்ந்தன.

இப்னு ஜுபைர் தங்கிய ஏழு நாட்கள்

பலெர்மோ விடுதியொன்றில் தங்கிய பயணியருள் நமக்கு நன்கு அறிமுகமானவர் அந்தலூசியாவைச் சேர்ந்த இப்னு ஜுபைர் ஆவார். ஹஜ் கடமையை நிறைவேற்றித் தாயகம் திரும்புகையில், 1184ஆம் ஆண்டு டிசம்பரில், மெஸ்ஸினா நீரிணையில் அவர் வந்த கப்பல் உடைந்தது. கரையேற்றும் படகினர் கேட்ட கூலியைக் கொடுக்க இயலாது தவித்த ஏழை முஸ்லிம்களுக்காக, மன்னர் இரண்டாம் வில்லியமே பொருள் கொடுத்து உதவினார் என அவர் எழுதியுள்ளார்.

அதன்பின் பலெர்மோவை அடைந்த அவர், முஸ்லிம்கள் வழக்கமாகத் தங்கும் விடுதி ஒன்றில் ஏழு நாட்கள் தங்கினார். அது ரமளான் மாதம். நகரில் முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல்களும் காழியும் தனிக் குடியிருப்புகளும் இருந்ததையும், கிறித்துவப் பெண்கள் தம் திருநாளன்று முஸ்லிம் பெண்களைப் போல் உடுத்திச் சென்றதையும் அவர் வியந்து பதிவு செய்கிறார். ஆயினும் அவ்வியப்பினூடே ஓர் அச்சமும் இழையோடுகின்றது. அரண்மனைப் பணியிலிருந்த முஸ்லிம்கள் தம் நம்பிக்கையை மறைத்து வாழ நேர்ந்ததை அவர் கண்டார்.

அவ்வச்சம் பொய்க்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக், சிசிலியின் முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லுசேரா நகருக்குப் பெயர்த்தனுப்பினார். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது. பின்னர் 1492ஆம் ஆண்டு ஆணையால் யூதர்களும் தீவினின்று வெளியேற்றப்பட்டனர். விருந்தினரை ஏற்ற நகரம் தன் குடிகளையே இழந்தது. சொற்களும் தூண்களும் எஞ்சின. அவற்றைப் பேசியோரும் செதுக்கியோரும் எஞ்சவில்லை.

இன்றைய எளிய விடுதி

இனி, இன்று அந்நகரில் எளிய விடுதியொன்றை நாடிச் செல்வோர் காண்பது யாது எனப் பார்ப்போம். 1983இல் இயற்றப்பட்ட சுற்றுலாச் சட்டத்தின் வழியே இத்தாலிய ஓட்டல்கள் ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திர வரிசையில் அடங்கின. ‘பென்சியோனே’, ‘லொகாந்தா’ என்னும் பெயர்கள் பலகைகளில் மட்டும் எஞ்சின. ஒன்று அல்லது இரண்டு நட்சத்திரமுடைய விடுதி, பெரும்பாலும் தனிக் கட்டடமாக இராது. பழைய மாளிகையொன்றின் இரண்டாம் அல்லது மூன்றாம் மாடியில் சில அறைகளே விடுதியாக இருக்கும். அதே படிக்கட்டில் வழக்கறிஞர் அலுவலகமும், தலைமுறையாக வாழும் குடும்பமும், தையற்கடையும் இருக்கக்கூடும். தெருவில் பெருங்கதவு, அதையடுத்து முற்றம், பின்னர்த் தேய்ந்த கற்படிகள். மின்தூக்கி இருப்பின் இருவர் நிற்கும் அளவினதாகவே இருக்கும். பழைய ஃபுந்துக்கின் அமைப்பு இங்கே நம் நினைவுக்கு வருதல் இயல்பு.

வந்தவுடன் கடவுச்சீட்டைக் கேட்பர். தங்குவோர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டமாதலின், இதனை அவமதிப்பாகக் கருதலாகாது. அறை வாடகையின்றி, நகராட்சிக்குரிய தங்கல் வரியும் ஆளுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு எனத் தனியே பெறப்படும். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் நடைமுறைக்கு வந்த இவ்வரி, ஊருக்கும் விடுதியின் தரத்துக்கும் ஏற்ப வேறுபடும். பழைய நகரின் பெரும்பகுதியில் வெளியார் கார்கள் நுழையத் தடையுண்டு. கேமராக்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்ய, அபராதச் சீட்டு பின்னர் வீடு தேடி வரும். ஆதலின் சிறு பெட்டியுடன் நடந்து செல்வதே நன்று.

அறை சிறியதாயினும் கூரை உயர்ந்திருக்கும். தெருவை நோக்கிய மாடத்தில் நின்றால் எதிர்வீட்டாரின் துணி காய்வதைக் காணலாம். பிற்பகலில் கடைகள் பல அடைபடும். தெரு ஓய்வு கொள்ளும். இரவிலோ நெடுநேரம் பேச்சொலி கேட்கும். விரைந்து உறங்க விரும்புவோர் முற்றத்தை நோக்கிய அறையைக் கேட்டுப் பெறுதல் தகும்.

உணவும் தூய்மையும்

நீரால் தூய்மை செய்து பழகிய நமக்கு மேலைநாட்டுக் குளியலறைகள் இடர் தருவதுண்டு. இத்தாலி இதற்கு விலக்கு. ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒரு குளியலறையில் ‘பிதே’ எனப்படும் கழுவுதொட்டி இருத்தல் வேண்டும் என 1975ஆம் ஆண்டுச் சுகாதார ஆணை விதித்தது. எளிய விடுதிகளிலும் இதனைப் பெரும்பாலும் காணலாம்.

உணவில் விழிப்பு தேவை. காலைச் சிற்றுண்டி காப்பியும் இனிப்பு ரொட்டியுமாக அமையும். ‘மயாலே’ என்பது பன்றி இறைச்சியையும், ‘ஸ்த்ரூத்தோ’ என்பது பன்றிக் கொழுப்பையும் குறிக்கும் சொற்கள். சிசிலியின் புகழ்பெற்ற ‘கன்னோலி’ இனிப்பின் ஓட்டு மாவில் இக்கொழுப்பும் மதுவும் சேர்வதுண்டு. தெருக்கடைகளில் விற்கும் ‘பனெல்லே’ கொண்டைக்கடலை மாவால் ஆனது. நம் பஜ்ஜிக்கு உறவினது எனலாம். எனினும் எந்த எண்ணெயில் பொரித்தது எனக் கேட்டுண்பது நலம். தொழுகைக்கு அங்கிருந்து கிப்லா தென்கிழக்குத் திசை. பேராலயத்துக்கு அணித்தே முன்னாள் தேவாலயக் கட்டடமொன்றில் பள்ளிவாசல் இயங்குகின்றது.

விருந்தினரும் குடியிருப்போரும்

இதுகாறும் கூறியவை பயணிக்குரிய செய்திகள். அவற்றினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. அப்படிக்கட்டில் வாழும் பிற குடும்பங்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் அங்கிருக்கும் என்பதே அது.

பலெர்மோவின் பழைய நகரம் ஒருமுறை வெறுமையானது. 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அதன் தெருக்கள் சிதைந்தன. போருக்குப் பின்னர் அரசியலாரும் மாபியாக் கும்பலும் கைகோத்து, நகருக்கு வெளியே காரைக் கட்டடங்களை எழுப்பினர். தோட்ட மாளிகைகள் இடிக்கப்பட்டன. வில்லா தெலியெல்லா என்னும் அழகிய மாளிகை 1959இல் ஓரிரவில் இடிக்கத் தொடங்கப்பட்டது. இக்காலத்தை மக்கள் ‘பலெர்மோவின் சூறை’ என்றே அழைக்கின்றனர். வசதியுடையோர் புறநகருக்குப் பெயர, ஏழையரே இடிபாடுகளுக்கிடையில் எஞ்சினர். 1990களில்தான் மீட்புப் பணி வலுப்பெற்றது. 1974இல் மூடப்பட்ட மாஸ்ஸிமோ அரங்கு 1997இல் மீண்டும் திறக்கப்பட்டது அதன் அடையாளமாகும்.

கைவிடப்பட்ட அவ்வீடுகளில் துனீசியரும் கானா நாட்டவரும் வங்கதேசத்தவரும் குடியேறினர். போரினால் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரும் 1980கள் முதல் இந்நகரில் வாழ்கின்றனர். நகரின் காவற்புனிதையான ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குக் கிறித்துவத் தமிழரோடு இந்துத் தமிழரும் ஏறிச் செல்வர். 2016இல் மக்கேதா வீதியின் வணிகர் சிலர், அவருள் பெரும்பாலோர் வங்கதேசத்தவர், மாபியாவின் மிரட்டல் வசூலை எதிர்த்துத் துணிந்து முறையிட்டனர். அதன் பயனாகப் பலர் கைதாயினர். உள்ளூரார் பலர் அஞ்சி வாளாவிருந்த செயலைப் புதுக்குடிகள் செய்தனர். நகரைத் தம்முடையதாகக் கருதியோர்க்கே அத்துணிவு வாய்க்கும்.

இன்று இக்குடிகளை அகற்ற வாள் தேவையில்லை, வாடகையே போதும். ஒரு வீட்டைக் குடும்பத்துக்கு விடுவதினும், இணையத்தின் வழி நாள் வாடகைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவது ஊதியம் மிக்கது. இதன் முடிவை வெனிஸில் காணலாம். 1951இல் அதன் பழைய நகரில் ஏறத்தாழ 1,75,000 மக்கள் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழிறங்கியது. 2024இல் பகற்பொழுது மட்டும் வந்து செல்வோரிடம் குறிப்பிட்ட நாட்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் பெறும் நிலை அங்கு ஏற்பட்டது. ஃபுளோரன்ஸ் நகராட்சி 2023இல், பழைய நகரில் புதிய குறுகியகால வாடகை வீடுகளுக்குத் தடை விதிக்க முற்பட்டது. ரொட்டிக்கடை மூடி நினைவுப்பொருட்கடை திறக்கும் தெருவில், பள்ளிச் சிறாரின் குரல் நாளடைவில் கேளாது போகின்றது.

இந்நிலையில் பதிவு பெற்று, வரி செலுத்தி, உரிமையாளரே முன்கதவில் நின்று வரவேற்கும் எளிய விடுதி, பயணிக்கும் ஊருக்கும் ஒருங்கே ஏற்றது எனத் துணியலாம். அது வீடுகளை விழுங்காமல் வீடுகளுக்கு நடுவே வாழ்கின்றது. அதன் விருந்தினர் அக்கம்பக்கத்துக் கடையிலேயே ரொட்டியும் பழமும் வாங்குகின்றனர். இரவில் படியேறும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதை உரிமையாளரிடமிருந்து அறிகின்றனர்.

விருந்தோம்பலுக்கு மூன்று நாள் என எல்லை காட்டிய நபிமொழி, விருந்தளிப்பவரை நெருக்கடிக்குள்ளாக்கும் வரை தங்குதல் விருந்தினர்க்கு ஆகாது என்றும் உணர்த்துகின்றது. கட்டணம் செலுத்தும் விருந்தினர்க்கும் இந்நெறி பொருந்தும். அவர் செலுத்தும் பணம் அறைக்குரிய விலை. அத்தெருவில் வாழ்வோரின் அமைதிக்கும் இருப்புக்கும் அது விலையாகாது. முஸ்லிம்கள் தங்கும் விடுதியை இப்னு ஜுபைர் பலெர்மோவில் கண்டது, அங்கு முஸ்லிம்கள் குடிகளாக வாழ்ந்தமையால்தான். குடிகள் அகன்றதும் அவ்விடுதியும் மறைந்தது. பழைய நகரங்களில் தங்கச் செல்வோர் எவராயினும், அறையின் வசதியை வினவும்போதே, அப்படிக்கட்டில் இன்னும் யார் வாழ்கின்றனர் என்பதையும் வினவுதல் கடமையாகும்.